ஊற வைத்த சிவப்பு மாவு

டப்பாவில் வருகிற அந்தச் சிவப்பு கேக் மாவு யார் கலந்தாலும் கெடாதாம். நாலாவது மாடியில் சமைக்கிறவள் சொன்னாள் என்று வீடு துடைக்க வருகிற சந்திரம்மா சொன்னாள். நாலாவது மாடிக்காரிக்கு அவளுடைய மேடம் சொன்னதாம். அந்த மேடமுக்கு யார் சொன்னார்களோ! அமெரிக்காவில் சமையல்கட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆம்பிளைகள்கூட டப்பாவைக் கிழித்து, முட்டையை உடைத்து ஊற்றி, மெத்தை மாதிரி கேக்கை எடுத்து மேசையில் வைத்துவிடுகிறார்களாம்.

“பில்குல் கெடாதாம் அக்கா. உள்ள இன்னாமோ மருந்து போட்டிருக்காங்களாம். நீ புருஷனத் திட்டிகினே கலந்தாலும் அதுபாட்டுக்கு எழுந்து நிக்குமாம்” என்றாள் சந்திரம்மா, ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே. பிறகு குரலைத் தாழ்த்தி, “செவப்பு மட்டும் பூச்சிய அரைச்சு எடுக்கறதாம். நான் சொன்னேன்னு சொல்லாதே” என்றாள்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, கையிலிருந்த டப்பாவை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். படத்தில் இருந்த கேக்கின் வெட்டு முகம் மாதுளம்பழத்தை இரண்டாகப் பிளந்த மாதிரி இருந்தது. வெள்ளை கிரீம், நடுவில் சிவப்பு. இந்த ஊரில் இதுவரை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அவள் பார்க்காத நிறம். இப்போது எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்று தர்ஷினி மேடம் சொன்னாள்.

தர்ஷினி ஈரோட்டுப் பெண். கணவனும் அவளும் எட்டு வருஷம் நியூஜெர்சியில் இருந்துவிட்டு, போன வருஷம், 2007-ல், பெங்களூருக்கு வந்து கோரமங்களாவில் ஒன்பதாவது மாடியில் குடியேறியிருந்தார்கள். ஒரே பெண், சிந்து. சனிக்கிழமை அவளுக்கு ஏழு வயது முடிகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த சிநேகிதியிடம் சொல்லி வரவழைத்த டப்பா அது. ஒன்றே ஒன்றுதான்.

அந்த வீட்டில் ஜெசிந்தா சமையலுக்குச் சேர்ந்து ஐந்து மாதம். சேர்ந்த அன்று தர்ஷினி கேட்ட முதல் கேள்வியே, “பேக்கிங் வருங்களா அக்கா?” என்பதுதான்.

“வருஷா வருஷம் கிறிஸ்மஸ் கேக் நான்தான் மேடம் போடுவேன். எங்க தெருவே கேட்டு வாங்கிகினு போவும்.”

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவள் குடியிருக்கிற ஆஸ்டின் டவுனில் ஜெசிந்தாவின் கேக்கைத் தெரியாத வீடு குறைவு. திராட்சையும் முந்திரியும் அக்டோபரிலேயே ரம்மில் ஊறத் தொடங்கிவிடும். டிசம்பர் இருபதாம் தேதி மாவைக் கலப்பாள். மரக்கரண்டியால், ஒரே பக்கமாக, கை மாற்றாமல், முழுசாக ஒரு மணி நேரம். அப்புறம் ஈரத் துணி மூடி ராத்திரி முழுக்க ஊறவிடுவாள். விடிந்ததும் தகர டின்னில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டை ஓரத்தில் செருகி, விவேக் நகரில் ரெமிஜியஸ் வேலை செய்யும் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அங்கே நாற்பது ஐம்பது வீட்டு டின்கள் வரிசையில் காத்திருக்கும். ரெமிஜியஸ் தன் விறகு அடுப்புக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளுவான். ‘கேக் போடுவது’ என்றால் அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இதுதான். வீட்டில் யாரிடமும் ‘அவன்’ என்கிற கரண்ட் அடுப்பு கிடையாது. அது இல்லாதது ஒரு குறையென்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

தர்ஷினிக்கு அது எப்படித் தெரியும்? ஜெசிந்தாவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடமே வரவில்லை. போன மாதம்தான் கப்பலில் வந்த சாமான்களோடு அந்தப் பெரிய அவன் வந்து சுவருக்குள் உட்கார்ந்தது. ஆறு குமிழ், பச்சை எழுத்தில் ஓடுகிற கடிகாரம். அதைத் துடைக்கும்போதெல்லாம் ஜெசிந்தாவின் விரல்கள் குமிழ்களைத் தவிர்த்தே போயின.

“மேடம், இங்க பண்ணா பாப்பா பாத்துடும். சர்ப்ரைஸ் போயிடும். நான் எங்க வீட்லயே பண்ணி எடுத்தாந்துடறேன்” என்று வெள்ளிக்கிழமை அவளே வாயைக் கொடுத்தாள்.

“நல்ல ஐடியா அக்கா. உங்க வீட்ல அவன் இருக்குங்களா?”

“இருக்குது மேடம்.”

அரை நொடியில் வெளியே வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவளுக்கே கேட்டது. இருபது வருஷமாக ரெமிஜியஸின் அடுப்பு அவளுடைய அடுப்புதான் என்று உள்ளுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது நிற்கவில்லை. ஏனென்றால் அவளுக்கு முன் அங்கே சமைத்த யசோதாவை தர்ஷினி ஏன் நிறுத்தினாள் என்பது அவளுக்குத் தெரியும். கண்ணாடிப் பாத்திரத்தை உடைத்துவிட்டு, பூனை தள்ளிவிட்டது என்றாளாம் யசோதா. ஒன்பதாவது மாடியில் பூனை! “உடைச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல அக்கா. பொய் மட்டும் எனக்கு ஆகாது. அப்படி ஒரு ஆளை வீட்டுக்குள்ள வெச்சுக்க முடியாதுங்க” என்று தர்ஷினி அதை மெதுவாக, காய்கறி விலை சொல்வது போலச் சொல்லியிருந்தாள்.

இந்த வீடும் போனால் ஜெசிந்தாவுக்கு வேறு வீடு இல்லை. நாலு வருஷத்தில் இது ஆறாவது. ஒரு குடும்பம் புனேவுக்குப் போனது. ஒரு வீட்டில் ஏஜென்சி மூலம் சின்ன வயதுப் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்காரர் சோறே வேண்டாம் என்று பச்சைக் காய்க்கு மாறிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில், மாடி ஏறினால் முட்டி கூவுகிற பெண்பிள்ளையை யார் சேர்ப்பார்கள்? கணவன் இறந்த வருஷம் இரண்டு மாதம் சந்தாபுராவில் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி மனைவி கெட்டவள் இல்லை. ஆனால் காலையில் எல்லார் தட்டிலும் தானாக இட்லி வைப்பவள், இவளிடம் வரும்போது மட்டும் கரண்டியை நிறுத்தி, “உங்களுக்கு எத்தினி அண்ணி?” என்று கேட்பாள். முதல் வாரம் நாலு என்றாள். பிறகு மூன்று. கடைசி மாதம் இரண்டு என்று சொல்லப் பழகியிருந்தாள். அந்தக் கேள்விக்கு முன்னால் மறுபடி போய் உட்கார அவளால் முடியாது.

சனிக்கிழமை காலை அவள் வேலைக்குப் போக வேண்டாம். சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது. கேக்கோடு ஐந்து மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். ஆறு மணிக்கே ஜெபம் முடித்து, டப்பாவைப் பிரித்தாள். ஆங்கிலம் அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். நீளமான வார்த்தைகளைத் தாண்டிப் போய்விடுவாள். படங்கள் தெளிவாகவே இருந்தன. மூன்று முட்டை. எண்ணெய். தண்ணீர். அடிக்கிற மெஷின். அதன் பக்கத்தில் இரண்டு நிமிஷம்.

இரண்டு நிமிஷமா!

கையில் தெம்பில்லாத, நேரமில்லாத சனங்களுக்காக எழுதியது என்று நினைத்தாள். இரண்டு நிமிஷத்தில் முட்டை வாடைகூடப் போகாதே. இந்தக் குழந்தைக்கு அவள் அப்படிச் செய்யப் போவதில்லை. மரக்கரண்டியை எடுத்தாள். பாத்திரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரே பக்கமாக, கை மாற்றாமல் கிண்டினாள். மாவு முதலில் ரோஜா நிறம், பிறகு குங்குமம், பிறகு அறுத்த பீட்ரூட். அரை மணிக்கு மேல் அது இழுவையாக, பளபளப்பாக, கரண்டியோடு சேர்ந்து வந்தது. தோள்பட்டை எரிந்தது. அவளுக்கு அந்த எரிச்சல் பிடித்திருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ காரியத்தை அரைகுறையாக விட்டிருக்கிறாள், இந்த ஒன்றை விட்டதில்லை.

முழுசாக ஒரு மணி நேரம். பிறகு ஈரத் துணி.

எட்டரைக்குத் துணியைத் தூக்கிப் பார்த்தபோது மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள். நல்லாப் பொங்குது, நல்லா ஊறுது என்று திருப்தியோடு மறுபடி மூடினாள்.

பத்து மணிக்கு டின்னோடு பேக்கரியின் பின்வாசலில் நின்றாள். டப்பாவின் அட்டையையும் மடித்துப் பையில் வைத்திருந்தாள், எவ்வளவு சூடு என்று ரெமிஜியஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

“இன்னா ஜெசிந்தா, இந்த வருஷம் ஏசு ஆகஸ்ட்லயே பொறந்துட்டாரா?” ரெமிஜியஸ் வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே துணியை விலக்கிப் பார்த்தான். “அடிப்பாவி, இன்னா இது? ஆட்டு ரத்தமா?”

“சும்மா இரு அண்ணே. அமெரிக்கா மாவு. எங்க மேடம் வீட்டுப் பாப்பாவுக்கு பர்த்டே. அட்டையில சூடெல்லாம் போட்டிருக்கான், பாரு.”

“இருபத்தெட்டு வருஷமா நெருப்பு முன்னாடி நிக்கறேன். அட்டையப் பாத்து சூடு வெக்கறதா? போ போ.” அவன் டின்னை வாங்கி மரப்பலகையில் வைத்தான். “மூணு மணிக்கு மேலதான். இப்ப பஃப்ஸ் உள்ள கீது. அதுக்கப்புறம் பன்னு, பிரெட்டு. சூடு எறங்கணும்ல? உனக்குத் தெரியாததா?”

தெரியாததா என்ன! ரொட்டிச் சூட்டில் கேக் கருகும், அடுப்பு தணிந்த பிறகுதான் டின்கள் உள்ளே போகும் என்று அவளுக்கும் தெரியும். மூன்றுக்குப் போட்டால் நாலுக்கு வந்துவிடும். ஆட்டோ பிடித்தால் ஐந்துக்குப் போய்விடலாம். பலகையில் தனியாக இருந்த தன் டின்னை ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு தர்ஷினி கூப்பிட்டாள். பின்னால் பலூன் ஊதுகிற சத்தமும் சிந்துவின் கூச்சலும் கேட்டன.

“அக்கா, கேக் ஆச்சுங்களா?”

“அவன்ல கீது மேடம்.”

“சரி, சரி. டென்ஷன் ஆகாதீங்க. கேளுங்க, நேத்து அவ படுக்கறப்ப அழுதுட்டா. இங்க வந்ததுல இருந்து ஃப்ரெண்டே இல்லைன்னு. இன்னிக்குத்தான் கிளாஸ்ல பதினோரு பேர் வர்றாங்க. எல்லார்கிட்டயும் ரெட் கேக் வருது, யாரும் பார்த்திருக்கவே மாட்டீங்கன்னு சொல்லி வெச்சிருக்கா. அதான் கேட்டேனுங்க.”

“வந்துடும் மேடம். நல்லா வந்துடும்.”

போனை வைத்த பிறகு எண்ணிப் பார்த்தாள். இரண்டாவது பொய். இல்லை, இது பொய்யில்லை, இன்னும் மூன்று மணி நேரத்தில் உண்மையாகிவிடப் போகிற விஷயம்தான். தண்ணீர் குடித்துவிட்டு இரண்டரைக்கே பேக்கரிக்குப் போய், மைதா மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்று பத்துக்கு ரெமிஜியஸ் நீளத் துடுப்பால் டின்னை உள்ளே தள்ளினான். தள்ளும்போதே ஜெசிந்தா பார்த்தாள். கொப்புளங்கள் ஒன்றுகூட இல்லை. மாவு வழவழவென்று, பெயின்ட் மாதிரி, ஆடாமல் இருந்தது. உள்ளே போனால் எழும் என்று நினைத்தாள். கெடாத மாவு ஆயிற்றே.

பதினைந்து நிமிஷத்தில் எட்டிப் பார்த்தார்கள். எழவில்லை.

“நேரமாவும்” என்றான் ரெமிஜியஸ்.

இருபத்தைந்து நிமிஷம். நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. ரெமிஜியஸ் டின்னை அடுப்பின் ஓரத்துக்கு நகர்த்தினான். அவன் கேலி பேசாததுதான் ஜெசிந்தாவுக்குப் பயமாக இருந்தது.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெளியே எடுத்தான். டின்னில் பாதிகூட நிரம்பவில்லை. மேல்தோல் காய்ந்த ஈரல் நிறத்தில் சுருங்கிக் கிடந்தது. டின்னைக் கவிழ்த்தபோது கேக் விழுகிற சத்தம் இல்லை, பலகை விழுகிற சத்தம். ரெமிஜியஸ் கத்தியை வைத்து அழுத்தி அறுத்தான். உள்ளே சிவப்பு இருந்தது. ஆனால் துளைகள் இல்லாத, களி மாதிரி ஒட்டுகிற, ஈரச் சிவப்பு. ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். நிறுத்தினான்.

“எங்க, அந்த அட்டையக் குடு” என்றான்.

ரெமிஜியஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அட்டையைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் படித்தான். உதடு மட்டும் அசைந்தது.

“எத்தினி மணிக்குக் கலந்தே?”

“ஆறரை.”

“எவ்ளோ நேரம் கிண்டினே?”

“எப்பவும் போலத்தான் அண்ணே. ஒரு மணி நேரம்.”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். “கலந்த கையோட அடுப்புல வெச்சுடணும்னு போட்டிருக்கான் ஜெசிந்தா. ரெண்டு நிமிஷத்துக்கு மேல அடிக்காதேன்னு போட்டிருக்கான். இதுக்குள்ள இருக்கற சோடா ஈரம் பட்டவுடனே வேலைய ஆரம்பிச்சுடும். அது எழுந்திருக்கறப்ப நெருப்பு இருக்கணும். காலைலயே எழுந்து, பாத்துட்டு, செத்துப்போச்சு. இங்க கொண்டாந்தது பொணம்.” பிறகு அவனே தாழ்ந்த குரலில், “நீ அட்டைய நீட்டனப்பவே நான் பாத்திருக்கணும். எனக்கும் திமிரு” என்றான்.

ஜெசிந்தா அட்டையை வாங்கி மடித்தாள். அவளுக்கு வலித்தது கேக் போனது மட்டும் இல்லை. இதே கேக்கைச் சோம்பேறியாக, அலட்சியமாக, இரண்டு நிமிஷம் கலக்கி எங்காவது ஒரு அவனுக்குள் வைத்திருந்தால் எழுந்து நின்றிருக்கும். அவள் தோள் எரியக் கிண்டினாளே, அப்படிக் கிண்டியதுதான் அதைக் கல்லாக்கியது. ஈரத் துணி போட்டு மூடினாளே, அந்த மூடல்தான் கொன்றது. தன்னிடம் இருந்த ஒரே நல்ல வேலையை முழுசாகச் செய்ததால்தான் இப்படி ஆனது. இதற்கு யாரிடம் போய் என்ன சொல்வது? தெரியாமல் செய்துவிட்டேன் என்றால் மன்னிப்பு உண்டு. தெரிந்ததையெல்லாம் செய்து கெடுத்தேன் என்றால்?

கடிகாரம் நாலேகால்.

“எழுந்திரு” என்றான் ரெமிஜியஸ். “அழுவாதே. வனிலா ஸ்பாஞ்ச் ஒரு பலகை இருக்குது. ஹனி கேக்குக்குப் பாகு ஊத்தறோம்ல, அதுல செவப்புக் கலர் கலந்து ஊத்தினா உள்ள வரைக்கும் இறங்கிடும். மேல வெள்ளை கிரீம். கொழந்தைங்களுக்கு இன்னா தெரியப் போவுது?”

“மேடமுக்குத் தெரியும் அண்ணே. வருஷா வருஷம் தின்னவங்க. வாயில வெச்சதும் தெரிஞ்சுடும்.”

“தெரிஞ்சா அப்ப பாத்துக்கலாம். கொழந்தைக்கு இன்னிக்குத்தானே பர்த்டே? உண்மைய நாளைக்குச் சொல்லிக்க.”

“நாளைக்குச் சொன்னா மாட்டிக்கினதுக்கு அப்புறம் சொல்றது.”

ஸ்பாஞ்சை எடுத்து வட்டமாக வெட்டினான். சிவப்புப் பாகை ஊற்றினான். பத்து நிமிஷத்தில் அது ஊறி, ஒரு ஓரத்தை வெட்டிக் காட்டியபோது டப்பாவின் மேல் இருந்த படமே மாதிரி இருந்தது. ஜெசிந்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினோரு குழந்தைகள் வாயைப் பிளப்பதும், சிந்து நடுவில் நிற்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. தர்ஷினி ஒரு துண்டை வாயில் வைத்து, மெல்வதை நிறுத்தி, கூட்டத்துக்கு மேலாக இவளைப் பார்ப்பதும் தெரிந்தது. கத்தமாட்டாள். அவளுடைய மெதுவான குரலில், அக்கா ஒரு நிமிஷம் உள்ளே வாங்க என்பாள்.

உண்மையைச் சொன்னால் மட்டும் என்ன? கேக் கெட்டுப்போச்சு என்று சொல்லி நிறுத்த முடியாது. எப்படிக் கெட்டது என்று கேட்பாள். வீட்டில் அவன் இல்லை என்பது வரும். இருக்குது மேடம் என்று சொன்னது வரும். மத்தியானம் அவன்ல கீது என்றது வரும். இழுத்தால் எல்லாம் ஒரே நூலில் வரும்.

“கிரீம் பூசட்டுமா வேணாமா? அத்தச் சொல்லு. பூசி, செட்டாவ இருவது நிமிஷம் வேணும் எனக்கு” என்றான் ரெமிஜியஸ், கிரீம் பையைக் கையில் பிடித்தபடி.

“இரு அண்ணே. ஒரு போன் பண்ணிடறேன்.”

“பண்ணி?”

“சொல்லிடறேன். அவங்களே பூசச் சொன்னா பூசு. வேணாம்னா வேணாம்.”

“பைத்தியமா நீ? வேலை போவும்டீ.”

“இப்படியும் போவும். அப்பிடியும் போவும். நானே சொன்னேன்னு இருக்கட்டும்.”

பின்வாசலுக்கு வந்தாள். வெளியே கோயிலுக்குப் போகிற சனங்கள் மெழுகுவர்த்தி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டனை அழுத்தும்போது விரலில் இன்னும் சிவப்பு இருந்தது. மேடம், கேக்கு கெட்டுப்போச்சு, எங்க வீட்ல அவன் கிடையாது. இரண்டே வாக்கியம். முதலில் எதைச் சொல்வது என்று மட்டும் தீர்மானமாகவில்லை.

மணி போனது. முழுசாகப் போய், எடுக்கவில்லை என்று ஒரு பெண் குரல் கன்னடத்தில் சொன்னது. பாட்டுச் சத்தத்தில் கேட்காமல் இருக்கும். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அந்தக் குரல்.

“மணி நாலே முக்கால்!” என்று உள்ளேயிருந்து ரெமிஜியஸ் கத்தினான். “சொல்லு ஜெசிந்தா, பூசவா?”

அவள் கையைத் தூக்கி, பொறு என்று காட்டினாள். மூன்றாவது தடவை அழுத்திவிட்டுப் போனைக் காதோடு வைத்து, வாயைத் திறந்து தயாராக நின்றாள். மணி போய்க்கொண்டே இருந்தது.